மொட்டைமாடிக் குடியரசு

ஆரணியில் ரப்பர் ஸ்டாம்பு வேண்டுமென்றால் திருமலையிடம்தான் போவார்கள். டாக்டர், வக்கீல், தலைமையாசிரியர், சங்கச் செயலாளர் என்று கையெழுத்துக்குக் கீழே பதவியைக் குத்திக்கொள்ளும் பாதிப் பேருக்கு இருபத்தாறு வருஷமாக அவர்தான் முத்திரை செய்து கொடுத்தார். பத்தாவதோடு படிப்பு நின்றுபோன அவருக்கு, தன் பேரில் ஒன்று செய்துகொள்ளப் பதவி எதுவும் வாய்க்கவில்லை.

கொரோனா ஊரடங்கில் அவர் தெருவின் இரண்டு முனையையும் தகரம் அடித்து மூடினார்கள். கடை பூட்டிக் கிடந்தது. மொட்டைமாடியில் நின்று அந்தத் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, எல்லை என்பது இவ்வளவு சுலபமா என்று தோன்றியது. அன்றைக்கே நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து ஒரு நாட்டை ஆரம்பித்துவிட்டார். மொட்டைமாடிக் குடியரசு. மாடியறையும் சேர்த்து அறுநூற்று நாற்பது சதுர அடி. மனைவியின் கிழிந்த பட்டுப்புடவையில் ஒரு துண்டு கொடியானது. சட்டங்கள் பதினொன்று. இங்கே யாரும் யாரையும் என்ன ஜாதி என்று கேட்கக் கூடாது என்பது மூன்றாவது. ஒதுங்க இடம் கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது ஏழாவது.

"துணி காயப்போட இனிமே விசா வாங்கணுமா?" என்று கேட்டாள் மனைவி சாவித்திரி. அவள் பட்டுக்கடையில் புடவை எடுத்துக் காட்டுகிறவள். கேட்டுவிட்டு வாளியோடு மேலே போனாள்.

ஊரடங்கு முடிந்தும் விளையாட்டு முடியவில்லை. கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பாஸ்போர்ட் அடித்துக் கொடுத்தார். உள்ளூர்ப் பையன்கள் யூடியூபில் வீடியோ போட்டார்கள். வாட்ஸ்அப் குழுவில் குடிமக்கள் முந்நூறைத் தாண்டினார்கள். டீக்கடையில் "ஜனாதிபதி சார்" என்று கூப்பிடுவார்கள். கேலி என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் திரும்பும்போது முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும்.

போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கழுத்தில் புது மஞ்சள் கயிறோடு ஒரு பெண்ணும் அவளோடு ஒரு பையனும் வாசலில் நின்றார்கள். காவ்யா, வெற்றிச்செல்வன். இருவரும் செய்யாறில் ஒரே கம்பெனியில் வேலை, ஒரே பஸ்ஸில் போய்வந்த பழக்கம். ஜாதி வேறு. அன்று காலைதான் படவேட்டுக் கோயிலில் தாலி கட்டியிருந்தார்கள்.

"நாளைக்குப் பதிவு பண்ணிடுவோம் சார். இன்னிக்கு லீவு. ஒரு நாள் மட்டும் இருந்துக்கட்டுமா?" என்றான் வெற்றி. "உங்க வீடியோல சட்டம் படிச்சீங்களே, அத காவ்யாதான் ஞாபகம் வெச்சிகினு இருந்தா."

திருமலைக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தான் எழுதியதை ஒருவர் நம்பி வந்து நிற்கிறார். மாடியறையைத் திறந்துவிட்டார். சாவித்திரி அவர்களுக்கு இட்லி வைத்துவிட்டுக் காய்கறி வாங்கப் போனாள். அவள் போனதும் இவர் ஒரு கல்யாணச் சான்றிதழ் எழுதி, குடியரசு முத்திரை குத்தி, இருவரையும் கொடிக்குக் கீழே நிற்கவைத்துப் படம் எடுத்தார்.

"எங்கயும் போட்டுடாதீங்க சார்" என்றாள் காவ்யா.

"சேச்சே" என்றார். சொன்னபோது மனதில் கள்ளம் இல்லை. கீழே வந்து படத்தை நாலைந்து தடவை பார்த்தார். நம்ம குழுதானே, நம்ம ஜனங்கதானே என்று நினைத்தார். 'நமது நாட்டின் முதல் திருமணம்' என்று எழுதி அனுப்பினார். வாழ்த்துகள் குவிந்தன.

சாவித்திரி பையைக் கீழே வைப்பதற்குள் அவரே போனை நீட்டிக் காட்டினார். அவள் முகம் மாறியது.

"யாரக் கேட்டுப் போட்டீங்க? அதுல இருக்கிற முந்நூறு பேர்ல எத்தினி பேர உங்களுக்குத் தெரியும்?"

அழித்தார். அதற்குள் படம் காவ்யாவின் பெரியப்பா தங்கவேலுவின் போனுக்குப் போய்விட்டிருந்தது.

பன்னிரண்டு மணிக்கு இரண்டு கார் வந்து நின்றது. தங்கவேலு செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"நீங்கதான் ஜனாதிபதிங்களா?"

"அவங்க மேஜருங்க" என்றார் திருமலை.

"ஆமாங்க. எங்க வீட்டுப் பொண்ணுங்க" என்று சொல்லிவிட்டுத் தங்கவேலு பின்னால் திரும்பிப் பார்த்தார். நாலு பேர் மாடிப்படிக்குப் போனார்கள். குறுக்கே நின்றது சாவித்திரிதான். போலீசுக்குப் போனில் பேசிக்கொண்டே நின்றவளை ஒதுக்கிவிட்டு ஏறினார்கள். திருமலை சுவரோடு சுவராக ஒட்டி நின்றார்.

மேலே வெற்றியை அடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு காவ்யாவின் குரல். "அவர விடுங்க. நான் வர்றேன்."

போலீஸ் வருவதற்குள் கார்கள் சேத்துப்பட்டு ரோட்டில் ஏறிவிட்டன.

சாயங்காலம் வரை வெற்றி மாடியறையில் உட்கார்ந்திருந்தான். உதடு வீங்கியிருந்தது. திருமலை தண்ணீர் கொண்டுபோனார். "நான்தாம்பா போட்டேன்" என்றார். அவன் கத்தவில்லை. "தெரியும் சார். நீங்க வெளையாடிகினு இருந்தீங்க. நாங்க நெஜம்னு வந்துட்டோம்" என்றான்.

மறுநாள் அவனோடு திருவண்ணாமலை எஸ்.பி. ஆபீசுக்குப் போனார். மனுவில் தன் பெயர், விலாசம் எழுதி, மொட்டைமாடிக் குடியரசு குழுவில் படத்தை வெளியிட்டது நானே என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். விசாரித்த பெண் அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "குடியரசுன்னு இருக்கே, இன்னா அது?"

"வெளையாட்டுங்கம்மா" என்றார் திருமலை. நாலு வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயால் சொன்னது அன்றைக்குத்தான். வீட்டுக்கு வந்ததும் குழுவைக் கலைத்தார்.

பதினோரு நாள் கழித்துப் போலீசார் காவ்யாவை விசாரணைக்கு அழைத்து வந்தார்கள். மெலிந்துபோயிருந்தாள். எனக்கு இருபத்திரண்டு வயசு, வெற்றியோடுதான் போவேன் என்று தெளிவாகச் சொன்னாள். அன்றைக்கே ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். பஸ் ஸ்டாண்டில் காவ்யா சாவித்திரியின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். இரண்டடி தள்ளி நின்ற திருமலை பக்கம் அவள் திரும்பவே இல்லை.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் சாவித்திரிக்கு ஒரு போன் வரும். அவள் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவாள். ஒரே ஒரு தடவை, அவள் உள்ளே வந்ததும் திருமலை கேட்டார். "நல்லா இருக்காங்களா?"

"இருக்காங்க" என்றாள். எந்த ஊர் என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.