மாமாவின் பாட்டுக்கு ஆத்தாள் இறங்கிய மதியம்

ஈப்போ பழைய நகரத்தில் ஒரு காப்பிக்கடையின் மாடியில், மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை என் தாய்மாமா கிதாரோடு பாடுகிறார். ஐம்பதைத் தாண்டிவிட்டார். முன்னந்தலை வழுக்கை, பின்னால் மட்டும் குடுமி போடும் அளவுக்கு முடி வைத்திருக்கிறார். ராக் பாடுகிறவனுக்கு முடி வேண்டும் என்பது அவர் கொள்கை. கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே, தானே எழுதி மெட்டமைத்த தமிழ்ப் பாட்டுகளை இரண்டு இசைத்தட்டுகளாக வெளியிட்டவர். ஒரு பாட்டு கொஞ்ச காலம் வானொலியில் வந்தது. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் மேடைகள் கிடைத்தன. பெரிய ஆளாக ஆகவில்லை; பாட்டை விட்டுவிடவும் இல்லை.

வானொலியில் வந்த அந்தப் பாட்டைத் தொடங்கும் முன் எப்போதும் ஒரு கதை சொல்வார்.

"இந்தப் பாட்டுக்கு ஆத்தாளே எறங்கி வந்தா. எங்கக்கா மேல. நம்பலன்னா, அதோ ஒக்காந்திருக்காங்க, கேட்டுக்குங்க."

எல்லோரும் திரும்பி என் அம்மாவைப் பார்ப்பார்கள். அம்மா குனிந்து காப்பியைப் பார்ப்பார்.

அது நடந்தபோது எனக்கு ஏழு வயது. கோப்பெங் பக்கத்தில் நாங்கள் குடியிருந்த ரப்பர் தோட்டத்தை அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்ட பிறகு, நாங்கள் ஜெலாப்பாங் அடுக்குமாடிக்குக் குடிவந்துவிட்டோம். மாரியம்மன் கோயில் மட்டும் செம்பனைகளுக்கு நடுவில் அங்கேயே நின்றது. ஆண்டுக்கு ஒருமுறை திருவிழாவுக்குப் பழைய ஆட்கள் எல்லோரும் காரிலும் மோட்டார் சைக்கிளிலும் திரும்பிப் போவோம். பால்குடம், பூசை, அன்னதானம், பிறகு பந்தலில் பாட்டுக் கச்சேரி. அந்த வருடம் ஈப்போவிலிருந்து வரவேண்டிய கச்சேரிக் குழு கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டது. வேறு வழியில்லாமல் கோயில் தலைவர் மாமாவின் மூன்று பேர் குழுவைக் கூப்பிட்டார்.

முதலில் சாமி பாட்டு, பிறகு எல்லோருக்கும் தெரிந்த சினிமாப் பாட்டு, சொந்தச் சரக்கு எதுவும் கூடாது என்று தலைவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மாமா தலையாட்டினார். தம்பிக்குத் தானே பொறுப்பு என்று அம்மா வாக்குக் கொடுத்தார்.

போகும் வழியில் காரில் மாமா வேறு விதமாகப் பேசினார். அவருடைய பாட்டை அதுவரை யாரும் முழுதாகக் கேட்டதில்லை. கல்யாண விருந்துகளில் இரண்டு வரி தாண்டுவதற்குள் யாராவது வந்து ஒலிவாங்கியைப் பிடுங்கிவிடுவார்கள்.

"ஒரு தடவையாச்சும் மனுசங்க முன்னால முழுசா பாடிப் பாக்கணும்கா. இன்னிக்கும் நடக்கலன்னா கிதார வித்துட்டு ஓவர்டைமுக்குப் பேர் குடுத்துடுவேன். போதும் லா."

அம்மா ஜன்னல் கண்ணாடியை மட்டும் ஏற்றினார்.

பந்தலில் எல்லாம் ஒழுங்காகத்தான் தொடங்கியது. சாமி பாட்டுக்குப் பெரியவர்கள் கைகூப்பினார்கள். சினிமாப் பாட்டுகளுக்குப் பிள்ளைகள் ஆடினார்கள். அதற்குப் பிறகு மாமா, அடுத்தது தன் சொந்தப் பாட்டு என்று அறிவித்தார். கிதார் அலறிய அலறலில் கூரைமேல் இருந்த காகங்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன. யாரோ ஒருவரின் கைக்குழந்தை வீறிட்டது. மாமா கண்களை மூடிக்கொண்டு பாடத் தொடங்கினார்.

*ஊருக்கெல்லாம் உறை செஞ்சேன்,*
*என் கை மட்டும் காயம்...*

தலைவர் மேடைக்கு முன்னால் வந்து கையைக் காட்டினார். மூடிய கண்ணுக்கு அது தெரியவில்லை. "தம்பி, இது கோயில் லா. பப் இல்ல" என்று சொல்லிப் பார்த்தார். அதுவும் கேட்கவில்லை. பிறகு பந்தலுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டரை நோக்கி நடந்தார்.

அம்மா தம்பியைப் பார்த்தார். தலைவரின் முதுகைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"கெட்டியா புடிச்சிக்க. கீழ போட்டுடாத."

அடுத்த நொடி அவர் கைகளைத் தூக்கிக் கத்தினார். கொண்டை அவிழ்ந்து முடி முகத்தில் விழுந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ வேப்பிலைக்கு ஓடினார்கள். அம்மா மேடைக்கு முன்னால் போய், கிதார் சத்தத்துக்கு ஆடினார்.

அருள் வந்தவர் ஆடும்போது மேளம் நிற்கக்கூடாது. பாதியில் நின்றால் இறங்கிய சாமிக்குக் கோபம் வரும், ஆடுகிற உடம்புக்குக் கேடு வரும். எங்கள் தோட்டத்தில் இதை மீறத் துணிந்தவர்கள் கிடையாது. தலைவர் சுவிட்சில் வைத்த கையை எடுத்துக்கொண்டு திரும்பி ஓடிவந்தார். மாமாவின் டிரம்மர் அதே கோயிலில் உறுமி அடித்து வளர்ந்தவர். அவருக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அடியை இன்னும் வேகமாக்கினார்.

தலைவர் சூடத்தட்டை ஏந்தி நின்றார். "என்ன கொற தாயே? சொல்லு, செஞ்சிடுறோம்."

"பாடச் சொல்லு."

"யாரத் தாயே?"

"அவன. அதே பாட்ட."

மாமா பாடினார். பாட்டு நீளம் குறைவு, சாமியோ இறங்குவதாக இல்லை. அதனால் முடித்த இடத்திலிருந்து மறுபடி முதலுக்குப் போனார். இளைஞர்களுக்கு அதற்குள் பல்லவி மனப்பாடமாகிவிட்டது, சேர்ந்து பாடினார்கள். தலைவரின் தலைகூடத் தாளத்துக்கு ஆடியது. தட்டில் இருந்த எலுமிச்சம்பழம் உருண்டது. எனக்கு மட்டும் பயம். கண்ணாடி இல்லாத, முடி அவிழ்ந்த அந்தப் பெண் என் அம்மாவைப் போலவே இல்லை. இனிமேல் இவர்தான் வீட்டுக்கு வருவாரென்றால், பள்ளிக்கூடத்துக்கு எனக்கு யார் சடை பின்னுவார்கள் என்று யோசித்தபடி கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒருவழியாகத் திருநீறு பூசி ஆத்தாளை மலையேற்றினார்கள். மாமாவின் கழுத்தில் சாமி மாலை விழுந்தது. அடுத்த வருடமும் நீதான் என்று தலைவரே சொன்னார். மாமா மேடைக்குப் பின்னால் போய் அழுததை நான் பார்த்தேன். கிதார் விற்கப்படவில்லை.

போன வருடம் அம்மாவிடம் நேராகவே கேட்டேன், அன்று உண்மையிலேயே சாமி வந்ததா என்று. என் மகனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தவில்லை. "கண்ணாடி ஒடஞ்சிருந்தா நான் எப்படி வீடு வந்து சேர்றதுடி?" என்றார்.

மாமாவிடம் சொல்லவேண்டுமா என்று பல நாள் குழம்பினேன். உண்மை தெரியாமல் ஒருவர் இத்தனை வருடம் பாடியது சரிதானா? சொன்னால் யாருக்கு என்ன கிடைக்கும்? நாளைக்கு என் மகன் இப்படி ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றால், நான் ஜெனரேட்டரை அணைக்கப் போவேனா, ஆடப் போவேனா? மாமாவிடம் சொல்லவில்லை. போன சனிக்கிழமை மகனை மடியில் வைத்துக்கொண்டு அவர் கதையை முழுதாகக் கேட்டேன். அவன் மேசையில் தாளம் போட்டான். நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் அந்த மதியத்தின் கடைசிக் காட்சி மாமாவின் கதையில் வருவதில்லை. எல்லோரும் சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, அம்மா தனியாகச் சன்னதிக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். அம்மா இரண்டு கன்னங்களிலும் போட்டுக்கொண்டார். பிறகு தரையில் விழுந்து நெடுநேரம் எழாமல் கிடந்தார். "மன்னிச்சிடு தாயே, மன்னிச்சிடு" என்பது மட்டும் எனக்குக் கேட்டது. இரவல் வாங்கிய சாமியைத் திருப்பிக் கொடுக்கத் தாமதமாகிவிட்டது, அதற்குத்தான் மன்னிப்புக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கொடுத்து முடித்துவிட்டு வரட்டும் என்று சத்தம் போடாமல் வாசலில் காத்திருந்தேன்.