சம்பந்தம் இல்லை என்றவர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். கோபத்தை எழுதி வைப்பது பாவமோ என்ற பயம். அம்மனிடம் சொன்னதைத்தானே எழுதுகிறோம் என்று இப்போது துணிந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் ஆம்பூர் பக்கம் தோல் பதனிடும் ஒரு டேனரியில் மேஸ்திரியின் கீழ் வேலை செய்தார். கூலி மேஸ்திரி கையால்தான் வரும். கம்பெனியில் பேர் கிடையாது. தோல் நீவும் உருளையில் அவர் வலது கை மாட்டி நசுங்கிப் போனது. நியாயம் கேட்க ஆபீஸுக்குப் போனோம்.

"இந்த ஆளுக்கும் நமக்கும் சம்பந்தமே இல்ல சார்" என்றார் மேஸ்திரி, முதலாளியைப் பார்த்து.

"எங்க பொண்ணு காதுகுத்துக்கு வந்து பந்தியில உக்காந்து சாப்ட்டீங்களே!" என்றேன்.

"அதுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்? சம்பந்தமில்லாம பேசாதம்மா."

அதுவரை என்னை அண்ணி என்று கூப்பிட்டவர்.

சம்பந்தமில்லை என்ற அந்த வார்த்தை முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் கோயில் சொற்பொழிவில் அதற்கு விளக்கம் சொன்னார்கள். வடமொழியில் 'சம்' என்றால் சேர்ந்து, 'பந்தம்' என்றால் கட்டு. சேர்த்துக் கட்டியதுதான் சம்பந்தமாம். ஒரு பேச்சு இன்னொன்றோடு ஒட்டுவதற்கும் அதே சொல்தான். கட்டியதை ஒருவர் வாயாலேயே அவிழ்த்துவிட முடியுமா?

மறுநாளே குளித்த ஈரத்தோடு அங்காளம்மன் கோயிலுக்குப் போய், மேஸ்திரி பேரைச் சொல்லிக் காசு வெட்டிப் போட்டேன். நியாயம் கிடைக்காதவர்கள் கடைசியாகச் செய்வது அது. வெட்டியவரே மனசு இறங்கி, அம்மனிடம் சொல்லி அதை எடுக்கும்வரை எதிராளி வீட்டில் நல்ல காரியம் கைகூடாது என்பார்கள்.

மேஸ்திரி மகனுக்குப் பெண் பார்த்திருந்த சமயம். சேதி கேட்டு ஓடிவந்தார்.

"அண்ணி, காச எடுத்துடுங்க."

"சம்பந்தமில்லாதவ வெட்டின காசு உங்கள இன்னா பண்ணும் மேஸ்திரி?"

தலை குனிந்துகொண்டார். "எங்கிட்டதான் வேல செஞ்சாரு. இல்லன்னு சொல்ல முடியுமா?"

"சொன்னீங்களே! அதே ஆபீஸ்ல, அதே முதலாளி முன்னால இத சொல்லுங்க. எடுத்துடறேன்."

"என் பொழப்பு போய்டும் அண்ணி."

"எங்க பொழப்பு போய்டுச்சே."

போனவர் இன்றுவரை அங்கே வாய் திறக்கவில்லை. பெண் வீட்டார் விலகிக்கொண்டார்கள். மகனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அந்தப் பையன்மேல் எனக்குப் பகையில்லை. வெள்ளிக்கிழமை அவனுக்காகவும் ஒரு விளக்கு ஏற்றுகிறேன். காசை மட்டும் எடுக்க மாட்டேன்.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். என் கோபத்தைக் குறைக்காமல், மேஸ்திரி சொன்னதைக் கூட்டாமல், இப்படியே சொல்லுங்கள்.