சோற்றுக்கையும் வேலைக்கையும்

அந்தப் பந்து கடையில் வாங்கியதல்ல. ஷூவின் அடிப்பாகத்துக்கு வெட்டியதுபோக மிஞ்சிய கிரேப் ரப்பரை மெல்லிய நாடாக்களாக நறுக்கி, பசை தடவி, ஒன்றன்மேல் ஒன்றாக இறுகச் சுற்றிச் செய்தது. எலுமிச்சையைவிடப் பெரிது, சாத்துக்குடியைவிடச் சிறிது. ஆம்பூர்த் தொழிற்சாலையில் மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தோல் வெட்டிய பாய் ஒருவர் அதைச் செய்துகொடுத்தார். “புடி தோஸ்த். கடைப் பந்து நாலு நாள்ல தொஞ்சி பூடும். இது நிக்கும்” என்றார். மாமா அதை இடது உள்ளங்கையில் வைத்து ஒருமுறை அழுத்தினார். பாய் அந்தக் கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். தன் பலகைக்குத் திரும்பிவிட்டார்.

மாமா என் அக்காவின் கணவர். அதே தொழிற்சாலையின் அலுவலகத்தில் நான் எழுத்தர். எண்பதுகளின் தொடக்கம். ஆண்டைத் திட்டவட்டமாகச் சொல்லமுடியும் என்றுதான் நினைத்திருந்தேன்; அக்காவைக் கேட்டால் ஓர் ஆண்டு தள்ளிச் சொல்கிறாள். தீபாவளிக்கு முந்தைய வாரங்கள் என்பதில் மட்டும் எங்கள் இருவருக்கும் சந்தேகமில்லை. அம்மாவின் தையல் இயந்திரத்தைச் சுற்றி ஊராரின் துணிகள் மலையாகக் குவிந்திருந்தன. அந்தக் குவியலை விட்டுவிட்டுத்தான் அம்மா எங்களோடு வேலூருக்குப் பேருந்து ஏறினாள்.

மாமாவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுப்போயிருந்தன. இனி ரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் சுத்தம்செய்து, திரும்ப உள்ளே விடவேண்டும். அதற்கான ஊசியைச் சாதாரண ரத்தக்குழாய் தாங்காது. ஆகவே மணிக்கட்டுக்கு அருகில் தமனியையும் சிரையையும் இணைத்துத் தைப்பார்கள். தமனியின் வேகத்தில் ரத்தம் பாய, சில வாரங்களில் சிரை பருத்துக் கெட்டிப்படும். ஒருமுறை இணைத்துவிட்டால் அந்தக் கையில் பாரம் தூக்கக்கூடாது, அடிபடக்கூடாது, கத்திபட்டால் ஆபத்து. அதனால் அதிகம் புழங்காத கையாகப் பார்த்துச் செய்வது வழக்கம்.

“எந்தக் கையால வேலை செய்றீங்க?” என்று டாக்டர் கேட்டார்.

மாமா ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. “சோத்துக்கைதான் டாக்டர்.”

“அப்போ இடது கையில பண்ணிடலாம். அதுவரைக்கும் அந்தக் கையால ஒரு பந்தை அழுத்திக்கிட்டே இருங்க. ரத்தக்குழாய் நல்லா விரியும்.”

நான் மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் டாக்டருக்கும் நடுவில், மடியில் பையை வைத்துக்கொண்டு, அம்மா உட்கார்ந்திருந்தாள்.

மாமா பிறவியிலேயே இடது கைக்காரர். தோலின் மேல் ஷூவின் அளவுக்கு வெட்டிய தகட்டை வைத்து வலது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இடது கைக் கத்தியை அதன் விளிம்போடு ஓட்டுவார். பக்கத்து ஆளின் முழங்கை இடிக்காமலிருக்க, நீண்ட மேசையின் கோடியில் ஜன்னலை ஒட்டி இடம் கொடுத்திருந்தார்கள். “பீச்சாங்கையா பொறந்தாதான் இங்க காத்து வரும்” என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள், அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் அந்தச் சிரிப்பெல்லாம் தொழிற்சாலை வாசலோடு சரி. எங்கள் வீட்டில் அவர் தட்டு, டம்ளர், வெற்றிலை எல்லாவற்றையும் வலது கையால்தான் வாங்கினார். முன்பு ஓரிடத்தில் பெண் பார்க்கப் போனபோது தாம்பூலத்துக்கு இடது கையை நீட்டிவிட்டார் என்று அந்தச் சம்பந்தமே முறிந்துபோனதாம். அம்மாவும் லேசுப்பட்டவள் அல்ல. நான் இடது கையால் சில்லறை நீட்டினால் மணிக்கட்டில் ஒரு தட்டு விழும்.

“டாக்டர்கிட்ட சொல்லிடுங்க மாமா. அந்தக் கை போனா கத்தியே புடிக்கமுடியாது” என்று பலமுறை சொன்னேன். அவர் பந்தை அழுத்திக்கொண்டே சொன்னார்: “சொல்லலாம் மச்சான். அதுக்கப்புறம் ஒங்கம்மா கையால எப்பிடி சோறு வாங்கித் துன்றது?” அக்காவும் கெஞ்சிப் பார்த்தாள். பகலெல்லாம் கத்தி, மாலையில் பந்து. இழக்கப்போகிற கையை அவரே தயார்செய்துகொண்டிருந்தார்.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் வேலூர் மருத்துவமனையில் சேர்த்தோம். முதல்நாள் பார்த்த அதே டாக்டர்தான் அறுவை செய்யவேண்டியவர்; அவர் வந்து இடது முன்கையைத் திருப்பிப் பார்த்தார். மேல்கையில் பட்டையைக் கட்டியதும் தோலுக்கடியில் சிரைகள் கயிறுபோல் எழும்பின. “பிரமாதமா இருக்கே. வெயிட் தூக்குவீங்களா?” என்றார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். செவிலி பேனாவால் இடது மணிக்கட்டில் அடையாளம் போடக் குனிந்தபோது, அம்மா எழுந்து நின்றாள்.

“அந்தக் கை வேணாம் டாக்டர். அதுதான் அவருக்கு வேலைக்கை.”

டாக்டர் மாமாவைப் பார்த்தார். “சோத்துக்கைன்னு சொன்னாரே?”

“சோறு துன்றது அதுல. கத்தி புடிக்கிறது இதுல. கண்ணாலம் ஆனதுலேர்ந்து இவருக்கு நான்தான் சட்டை தைக்கிறேன். எடது கைக்கு மட்டும் எப்பவும் துணி கூட வுட்டுத்தான் வெட்றேன். வேலை செய்யாமயா ஒரு கை மட்டும் இப்பிடிப் பெருக்கும்?”

மாமா மெல்ல, “அத்தை...” என்றார். அம்மா அவர் பக்கம் திரும்பாமல் அக்காவிடம் சொன்னாள்: “கேட்டா மாப்பிள்ளை சங்கடப்படுவாருன்னு கேக்கல. டாக்டருகிட்ட அவரே சொல்லிடுவாருன்னு இருந்தேன். இதுக்குப் போயி கையக் குடுப்பாருன்னு எனக்கின்னா தெரியும்?”

டாக்டருக்குக் கோபம் வந்தது, அதை அடக்கிக்கொண்டார். வலது கையை நெடுநேரம் தடவிப் பார்த்தார். “இதுல சிரை மெலிசா இருக்கு. பண்ணினாலும் அது பெருக்காமலே போகலாம். ரொம்ப நாள் காத்திருக்கவும் உங்க உடம்பு தாங்காது. இடது கை தயாரா இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க.”

“இந்தக் கை போச்சின்னா, பொழைச்சி வந்து ஊட்ல குந்திக்கினு இன்னா டாக்டர் பண்றது? வலதுலயே போடுங்க” என்றார் மாமா.

வலது கையிலேயே போட்டார்கள். பந்தும் வலது கைக்கு மாறியது. இடது கை சுலபமாகச் செய்ததை வலது கை முனகிக்கொண்டே செய்தது. டாக்டர் எதிர்பார்த்ததைவிடத் தாமதமாகத்தான் அந்தச் சிரை பருத்தது, ஆனால் பருத்தது. அதுவரை பட்ட மூச்சுத்திணறலையும் வீக்கத்தையும் இங்கே எழுத மனமில்லை. பிறகு அவருடைய அண்ணன் ஒரு சிறுநீரகம் கொடுத்தார். மாமா மேசைக் கோடியில் தன் இடத்துக்குத் திரும்பினார்.

உடலியல் நூல்களைப் பின்னாளில் தேடித் தேடிப் படித்தேன். நம் பேச்சில் பெரிதோ சிறிதோ ரத்தக்குழாய் எல்லாமே ‘நரம்பு’தான் என்பதால் இரண்டு வேறு விஷயங்களை நான் குழப்பிக்கொண்டிருந்தேன். பாரத்தை எதிர்த்து உழைக்கும் தசைக்குள் ரத்தம் வேகமாகப் பாய்கிறது. அந்த உரசலை உணரும் பெரிய குழாய்கள் விரிந்துகொடுக்கின்றன. தசைநார்கள் பருக்கும்போது அவற்றைச் சுற்றித் தந்துகிகள் என்னும் நுண்குழாய்கள் புதிதாகக் கிளைவிடுகின்றன. முதலாவதைக் கண்ணால் பார்க்கலாம், இரண்டாவதைப் பார்க்கமுடியாது. இன்று ஆம்பூர் நெடுஞ்சாலையோரம் கண்ணாடிச் சுவர் வைத்த உடற்பயிற்சிக் கூடங்களில் பிள்ளைகள் புடைத்த கைகளைப் படமெடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் காட்டிக்கொள்ள விரும்புவதை ஒரு மனிதர் ஆண்டுக்கணக்கில் சட்டைக்குள் மறைத்துவைத்திருந்தார்.

அறுவை முடிந்த மறுநாள் மதியம்தான் என் மனத்தில் அப்படியே நிற்கிறது. மாமாவின் வலது கை முழங்கைவரை கட்டுப்போட்டுத் தலையணைமேல் கிடந்தது. டாக்டர் அனுமதித்த பத்தியச் சோற்றை அம்மா தூக்குச்சட்டியிலிருந்து தட்டில் போட்டாள். அக்கா ஊட்டிவிடக் கரண்டியை எடுத்தாள். “இரு” என்றாள் அம்மா. தட்டைக் கட்டிலின் இடது பக்கம் நகர்த்தினாள். பிறகு சொம்பைச் சாய்த்து, மாமாவின் இடது கையில் தண்ணீர் ஊற்றினாள்.

மாமா கழுவிய கையைக் கொஞ்சநேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு சாப்பிட்டார். தோலில் மயிரிழை பிசகாமல் கத்தி ஓட்டிய கைக்குச் சோற்றைக் கூட்டி எடுக்கத் தெரியவில்லை. பருக்கைகள் மார்பெல்லாம் சிந்தின.

“மெதுவா துன்னுங்க மாப்பிள்ளை” என்றாள் அம்மா. குனிந்து அவர் சட்டையில் கிடந்த பருக்கைகளைப் பொறுக்கினாள். தட்டு காலியானதும், அவர் கேட்காமலே, இன்னொரு கரண்டி போட்டாள்.