வாத்துக்குள் ஊற்றிய எண்ணெய்

ஆனேக்கல் பொம்மை ஃபேக்டரியில் பிளாஸ்டிக் பவுடரோடு எண்ணெய் கலப்பது வேதநாயகியின் வேலை. அதைக் கலந்தால்தான் பொம்மை ரப்பர்போல மெத்தென்று வரும். கையில் பட்ட எண்ணெய் சோப்புக்குப் போகாது. மரத்தூள் போட்டுத் தேய்ப்பாள்.

அந்த ஆயுதபூஜைக்குப் பொரியோடு ஆளுக்கொரு வாத்துப் பொம்மை கொடுத்தார்கள். வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்த சரக்கு. லீவு முடிந்து வந்தவள், ஏன் திரும்பியது என்று சூப்பர்வைசர் மஞ்சுநாத்திடம் கேட்டாள்.

“குழந்தைங்க சப்பினா எண்ணெய் வெளிய வருதாம். சும்னே, சும்மா பயப்படாதீங்கம்மா.”

பயப்படாமல் கும்மியா அடிப்பார்கள்? வீட்டுக்கு ஓடினாள். புருஷன் மடியில் பல் முளைக்கும் மகன், வாத்தின் தலையைச் சப்பிக்கொண்டிருந்தான். பிடுங்கினாள். பிசுபிசுத்தது. எச்சிலா, எண்ணெயா, தெரியவில்லை.

கைக்கு மரத்தூள் இருக்கிறது. பிள்ளையின் வாயை எதைப் போட்டுக் கழுவுவாள்?