இன்னா என்று கேட்ட கம்ப்யூட்டர்

சேலத்து ஹாஸ்டலில் எனக்கு வீட்டில் வைத்த பெயர் செல்லுபடியாகவில்லை. சேர்ந்த அன்றே டீச்சர் ஏதோ கேட்க, சரியாகக் காதில் விழாமல் “இன்னா மிஸ்?” என்றேன். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து நான் ‘இன்னா’. சாப்பாட்டு வரிசையில் இன்னா, விளையாட்டுத் திடலில் இன்னா. எங்கள் மலையூரான காவலூரில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத ஒரு சொல், மலையிறங்கியதும் பட்டப்பெயராகிவிட்டது. வாயைத் திறந்தால்தானே வம்பு என்று மூடிக்கொண்டேன். பாடம் புரியாவிட்டாலும் கேட்பதில்லை. காலாண்டு மதிப்பெண்ணும் அதற்கேற்ற லட்சணத்தில் வந்தது.

விடுமுறைக்கு வீடு வந்தவள், இனி சேலம் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அம்மா கெஞ்சிப் பார்த்தார். “போவாட்டி வுடு, சாமை அறுக்க ஆளு வோணும்” என்றார் அப்பா. அதை மிரட்டல் என்று அவர் நினைத்தார். எனக்கோ நல்ல யோசனையாகப் பட்டது.

அப்போதுதான் மாமா வந்தார். அம்மாவின் தம்பி, புளி வியாபாரி. கண்ணமங்கலத்துக்கு லோடு ஏற்றிப் போகும்போதெல்லாம் எங்கள் வீட்டில் சாப்பிடாமல் போகமாட்டார். கம்ப்யூட்டர் படிக்கப் போய்ப் பாதியில் திரும்பியவர். ஏன் திரும்பினார் என்று யாரும் கேட்டதில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது மட்டும் எங்கள் குடும்பத்தின் ஏகமனதான தீர்மானம்.

மாமா எனக்குப் புத்தி சொல்லவில்லை. பழைய லேப்டாப்பைத் திறந்து வைத்தார். கறுப்புத் திரை, பச்சை எழுத்து.

“இன்னா மாமா இது?”

“ஒங்கம்மா பொறந்தப்ப இருந்த கம்ப்யூட்டரு கண்ணு. அந்த மெஷின் இப்ப இல்ல. இந்த சாப்ட்வேர் அதுமாதிரியே நடிக்குது. எமுலேட்டர்னு பேரு. எனக்குத்தான் ஓட்டத் தெர்ல.”

திரையில் ஆங்கில ஏ எழுத்து, பக்கத்தில் ஓர் அம்புமுனை. அவ்வளவுதான். படம் இல்லை, மவுஸுக்கும் மரியாதை இல்லை. மாமா ‘ஹெல்ப்’ என்று அடித்தார். ‘ஹெல்ப்?’ என்றது. ‘ஓப்பன்’ என்று அடித்தார். ‘ஓப்பன்?’ என்றது. தெரியாத சொல் எதைக் கொடுத்தாலும் அதையே ஒரு கேள்விக்குறியோடு திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடி ஏ போட்டுக் காத்திருந்தது.

“இன்னான்னு கேக்குது பார், நம்மூர் ஆளாட்டம்” என்றார் மாமா.

எனக்குக் குறும்பு வந்தது. ஐ, என், என், ஏ என்று ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தேன். ‘இன்னா?’ என்று கேட்டது கம்ப்யூட்டர்.

ஊருக்கு வந்தபிறகு அன்றுதான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “மாமனும் மருமவளும் இன்னாத்துக்கு இப்டி சிரிக்கிறீங்க?” என்றார்.

பிறகு மாமா போனில் இறக்கி வைத்திருந்த ஆங்கிலக் குறிப்பை என்னிடம் நீட்டினார். “எனக்கு இங்கிலீசு தகராறு. நீ சத்தமாப் படி, நான் அடிக்கிறேன்.” வகுப்பில் வாய் திறக்காத நான், புளி மூட்டைமேல் உட்கார்ந்து பத்தி பத்தியாகப் படித்தேன். நான் ஒன்று சொல்ல, அவர் வேறொன்று அடிக்க, அது கேள்விக்குறி போட, அவர் கொஞ்சமும் கூச்சமில்லாமல் மறுபடி அடிப்பார்.

“கேக்கறதுல இன்னா கீது? அதுக்குப் புரில, கேக்குது. நாம மாத்திச் சொன்னா போச்சு.”

டி, ஐ, ஆர் என்று அடிக்க வேண்டும் என்பதைக் குறிப்பில் கண்டுபிடித்தது நான்தான். எண்டர் தட்டியதும் கோப்புகளின் பெயர்கள் வரிசையாகத் திரையில் வந்தன. “எனக்குத் தெர்லியே இது” என்று மாமா வாயைப் பிளந்தார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

லீவு முடிந்ததும் நானே பெட்டியை எடுத்து வைத்தேன். கணக்கு வகுப்பில் கையைத் தூக்கி, “இன்னா மிஸ் அது, மறுபடி சொல்லுங்க” என்றேன். சிரித்தார்கள். ஏ போட்டுக் காத்திருக்கும் திரையை நினைத்துக்கொண்டு நானும் காத்திருந்தேன். டீச்சர் மறுபடி சொன்னார். பட்டப்பெயர் கடைசிவரை போகவில்லை. ஆனால் யாருக்குப் பாடம் புரியாவிட்டாலும், “இன்னாவை விட்டுக் கேளு” என்று என்னை முன்னால் தள்ளத் தொடங்கினார்கள்.

இப்போது ஓசூரில் கம்ப்யூட்டர் வேலைதான் சோறு போடுகிறது. சமீபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆசைக்காக அந்தப் பழைய சிஸ்டத்தை என் லேப்டாப்பில் ஏற்றிப் பார்த்தேன். எமுலேட்டரை இறக்கி, பழைய டிஸ்க்கின் நகலைத் தேடிப் பிடித்து, இரண்டையும் இணைத்து, கிளப்பக் கட்டளை கொடுத்து, அது முரண்டு பிடித்து, மதியச் சோறு ஆறிப்போன பிறகுதான் அந்த ஏ வந்தது. டிஐஆர் தெரியாத மனிதர் அந்த ஏ வரைக்கும் வந்துசேரவே முடியாது.

உடனே மாமாவுக்குப் போன் போட்டேன். லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். ரொம்ப நன்றி மாமா என்றேன்.

“இன்னாத்துக்கு?” என்றார்.

அன்று எங்கள் வீட்டில் நடித்தது கம்ப்யூட்டர் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.