ஐஸ் வைத்துச் சூடாக்கிய வீடு

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், இத்தாலியின் பலெர்மோ நகரில் வியா மக்வேதா என்ற பெருந்தெருவிலிருந்து பிரியும் ஒரு தெருவில், மனைவியை இழந்த முதியவர் ஒருவரின் வீட்டில் வேலை செய்தேன். தங்கியதும் அங்கேதான். அவருடைய மகன் மிலானோவில் பொறியியலாளர். தனக்கு அங்கே குளிரும்போதெல்லாம் தகப்பன் இங்கே விறைத்துக்கொண்டிருப்பதாக நினைப்பார். வீட்டைச் சூடாக்க ஓர் ஏற்பாடு செய்வதென்றும், அது சரிவராவிட்டால் தகப்பனை மிலானோவுக்குக் கூட்டிப்போவதென்றும் முடிவெடுத்தார். கிழவருக்குப் போக விருப்பமில்லை. அவர் போனால் எனக்கு வேலை போகும். வேலை போனால் பெர்மெஸ்ஸோவை, அந்த நாட்டில் தங்கும் அனுமதியை, புதுப்பிக்க முடியாது. ஆக, அந்த வீடு சூடாவதில் வீட்டுக்காரரைவிட எனக்கு அக்கறை அதிகம்.

மகனின் திட்டத்தில் இரண்டு இயந்திரங்கள் இருந்தன. வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து உள்ளே சூடான காற்றாக ஊதுவது ஹீற் பம்ப். காஸில் எரியும் பொய்லர், தண்ணீரைச் சூடாக்கிச் சுவரோரத்து இரும்பு ரேடியேற்றர்களுக்கு அனுப்பும். பல்கனியில் ஒரு சென்சர். வெளியில் ஐந்து பாகைக்கு மேலே என்றால் பம்ப், கீழே என்றால் பொய்லர். மனிதர் எவரும் தலையிட வேண்டியதில்லை.

இயக்கிப் பார்த்து ஒப்படைக்கும் நாள் செப்டெம்பரில் வந்தது. ஆபிரிக்கப் பக்கமிருந்து வரும் சிரோக்கோக் காற்று அனலாய் அடித்துக்கொண்டிருந்தது. மெக்கானிக் முகத்தைத் துடைத்துவிட்டு, "பொய்லர் பற்ற வேண்டுமென்றால் குளிர வேண்டுமே" என்றார். பிறகு, கீழே பாரில் எலுமிச்சை கிரானித்தா ஒன்று வாங்கிவரச் சொன்னார். குடிக்கத்தானாக்கும் என்று வாங்கிவந்தேன். அவர் சென்சரைக் கழற்றி அந்த நொறுக்கிய ஐஸுக்குள் அமிழ்த்தினார். சற்று நேரத்தில் பொய்லர் உறுமிக்கொண்டு பற்றியது. ரேடியேற்றர்கள் சுட்டன. வியர்வை வழிய எல்லோரும் கைவைத்துப் பார்த்துத் திருப்தியடைந்தோம். தகப்பன் எதையாவது நோண்டிவிடுவார் என்று, மகன் கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பூட்டித் திறப்பை மிலானோவுக்குக் கொண்டுபோனார்.

மாரி வந்தது. பலெர்மோ ஐந்து பாகைக்கு இறங்குகிற ஊரல்ல. பம்ப் மட்டும் ஊதியது. "யாரோ பின்னால் நின்று கழுத்தில் மூச்சு விடுகிறமாதிரி இருக்கிறது" என்று கிழவர் அதன் சுவிட்சை அணைத்துவிட்டு, கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தார். தொலைபேசியில் மகனிடம், குளிர்கிறதென்று வாய்தவறிச் சொல்லியும் விட்டார். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார் மகன்.

கிழவர் ரிசீவரை வைத்தார். ரேடியேற்றரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அந்த கிரானித்தா," என்றார்.

"மாரியில் பாரில் போடமாட்டார்கள், சிஞ்ஞோர்."

"மீன்காரனிடம் ஐஸ் இருக்கும்."

பலாரோச் சந்தைக்கு நடந்தேன். மீன் இல்லாமல் ஐஸ் மட்டும் கேட்டவனுக்கு மீன்காரர் ஒரு பை நிறையச் சும்மா அள்ளித் தந்தார். மாடிப்படியில், கீழ்வீட்டில் வேலைசெய்யும் மன்னார்ப் பெண் மறித்தாள்.

"என்னண்ணை இவ்வளவு ஐஸ்? கிழவர் முடிஞ்சிட்டாரோ?"

"இல்லைப் பிள்ளை. அவருக்குக் குளிருதாம்."

"ஓமோம். குளிருக்கு ஐஸ்தானே நல்லது," என்று வழிவிட்டாள்.

சென்சரைப் பைக்குள் விட்டுக் கட்டினேன். பொய்லர் பற்றியது. கிழவர் கோட்டைக் கழற்றினார். அன்றிலிருந்து நாள்தோறும் ஐஸ் சுமந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மகன் வெறும் சூட்கேஸ் ஒன்றோடு வந்தார், தகப்பனின் உடுப்புகளுக்காக. தகப்பன் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். மகன் ரேடியேற்றர்களை ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"பார்த்தீர்களா அப்பா? எப்போது எது வேண்டுமென்று அதுவே முடிவெடுக்கிறது. நீங்கள் இங்கேயே இருக்கலாம்."

"நீ சொன்னால் சரி," என்றார் கிழவர்.

மகன் கதவருகே நின்று மோந்து பார்த்தார். "பல்கனியில் என்ன மீன் நாற்றம்?"

"மத்தியானத்துக்கு மீன் வாங்கி வைத்திருக்கிறோம்," என்றார் கிழவர், என்னைப் பாராமல்.

நான் பின்படியால் இறங்கிப் பலாரோவுக்கு ஓடினேன். என்னைக் கண்டதும் மீன்காரர் ஐஸ் அள்ளத் தொடங்கினார்.

"இன்றைக்கு மீன்," என்றேன்.

கரண்டியோடு நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.