குழியில் குனிந்தால்

என் அக்கா உயிர்விட்ட தறியில்தான் என்னையும் உட்கார வைத்தார்கள். பிள்ளையார்பாளையத்தில், அக்கா புருஷனான மாமாவின் வீட்டுக் கூடத்தில் இருந்த, காலைக் குழிக்குள் தொங்கவிட்டு நெய்யும் குழித்தறி அது. உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் நெய்து கோர்க்கும் கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். மாமா உடல் பாகத்தை நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு, ஊடுநூல் சுற்றிய நாடாவைப் போட்டவள் அக்கா. ஒரு நாள் காலை, நெய்துகொண்டிருக்கும்போதே குழிப் பக்கம் சாய்ந்தாள். தூக்கி நிமிர்த்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவள் விட்டுப்போன பெண் குழந்தையை வேறு ஒருத்தி கையில் கொடுக்கக்கூடாதென்று, அந்த வருஷமே மாமாவுக்கு என்னைக் கட்டிவைத்தார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கோபம் தனிக்கதை. பாப்பா என் இடுப்பில் ஏறி உட்கார்ந்தவள் இறங்கவே இல்லை என்பதால், கோபத்தை வைத்துக்கொள்ள எனக்கு இடமும் இல்லாமல் போயிற்று.

தறியில் உட்கார்ந்த முதல் மாதம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு நாள் கை தவறி நாடா குழிக்குள் விழுந்தது. குனிந்து எடுத்தேன். நிமிரும்போது நெஞ்சுக்குள் ஏதோ அறுந்துகொண்டு ஓட ஆரம்பித்தது. துடிப்பை எண்ணக்கூட முடியாது, அவ்வளவு வேகம். ரவிக்கை துடிப்பது மாமாவுக்கே தெரிந்தது. கழுத்து அடைத்தது, கண் இருண்டது. கொஞ்ச நேரத்தில் அடிவயிறு முட்டிக்கொண்டு வர, தறியை விட்டு எழுந்து பின்கட்டுக்கு ஓடினேன். தண்ணீர் குடிக்காத அன்றும் குடம் கவிழ்த்த மாதிரி போயிற்று. வந்து உட்கார்ந்தால் மறுபடி போக வேண்டும்.

தெருப் பெண்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. பயந்தாங்கொள்ளி, தறியைப் பார்த்தாலே ஒன்றுக்கு வருகிறது என்று சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் அது திரும்பத் திரும்ப வந்தது. பெரும்பாலும் குழியில் குனிந்த பிறகுதான் வந்தது. அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

அத்தை, அதாவது மாமாவின் அம்மா, ஒரு நாள் சோற்றுத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "உங்க அக்காவும் கடைசியில இப்பிடித்தான்மா. நெஞ்சப் புடிச்சிக்கினு தறிய உட்டு எழுந்து எழுந்து ஓடுவா. அவதான் உங்கிட்ட வந்துக்கினு இருக்கா."

தட்டைத் தள்ளி வைத்தேன். அன்றிலிருந்து அந்தக் குழியின் இருட்டைப் பார்க்கவே நடுங்கினேன். எனக்குத் தலை பின்னிவிட்ட அக்காவின் கைகள் அந்த இருட்டிலிருந்து நீண்டு என் காலைப் பிடிக்கும் என்று நிஜமாகவே நம்பினேன். சாவு பயம் ஒரு பக்கம். கூடப் பிறந்தவளே என்னைக் கொண்டுபோக நிற்கிறாள் என்பது அதைவிடக் கொடுமை.

அடுத்த முறை நெஞ்சு அப்படி ஓடியபோது, கோயில் பூசாரியை வீட்டுக்கே கூட்டி வந்தார்கள். அவர் வேப்பிலையால் அடித்து, நீ யார், எதற்கு வந்தாய் என்று மிரட்டினார். சட்டென்று ஒரு சொம்பு கிணற்றுத் தண்ணீரை என் முகத்தில் வீசி அடித்தார். நெஞ்சு ஒரு கணம் நின்றேவிட்டது. செத்தேன் என்று நினைத்தேன். மறுகணம், தப் தப் என்று ஒழுங்காக அடிக்க ஆரம்பித்தது. பேய் ஓடிவிட்டது என்றார்கள். இத்தனை பேர் கண்ணெதிரில் படபடப்பு நின்றதை யார் மறுக்க முடியும்? நானே மறுக்கவில்லை.

சுமங்கலியாகச் செத்தவளை எங்கள் பக்கம் பூவாடைக்காரி என்று வீட்டுச் சாமியாகக் கும்பிடுவார்கள். வருஷா வருஷம் அக்காவுக்குப் புடவையும் பூவும் வைத்துப் படைத்தோம். எல்லோரும் அவளை வா என்று அழைத்தார்கள். நான் மட்டும் உள்ளுக்குள், "பாப்பாவ நான்தான பாத்துக்கினு இருக்கேன், என்ன உட்டுடுக்கா" என்று கெஞ்சினேன்.

அது வருவதும் நிற்பதுமாகவே இருந்தது. எத்தனையோ வருஷம் கழித்து, தலை நரைத்த பிறகு, குனிந்து விளக்கேற்றியவள் அப்படியே விழுந்தேன். வளர்ந்து பெரியவளாகிவிட்ட பாப்பாதான் சென்னைக்கு இதய டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் படம் வரைந்து காட்டினார். என் இதயத்தில் பிறவியிலேயே மின்சாரம் ஓட ஒரு குறுக்குவழி இருக்கிறதாம். சிலருக்குக் குனிந்தாலே அது கிளம்பிவிடுமாம், முகத்தில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் நின்றுவிடுவதும் உண்டாம்.

ஒன்றுக்குப் போவதைப் பற்றிக் கூச்சத்தோடு கேட்டேன். அது பயமே இல்லை என்றார். இதயம் தாறுமாறாக ஓடும்போது அதன் மேல் அறைகள் விரிந்து, இதயமே ஒரு ஹார்மோனைச் சுரக்கிறதாம். அது இரத்தத்தில் போய்ச் சிறுநீரகத்திடம், உப்பையும் தண்ணீரையும் வெளியே தள்ளு, என் பாரத்தைக் குறை என்று சொல்கிறதாம். நான் தறியை விட்டு ஓடிய காலத்தில் டாக்டர்களுக்கே இது தெரியாதாம்.

அப்புறம் அவர், சில குடும்பங்களில் இது வழிவழியாக வரும் என்று சொல்லி, உங்கள் குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்தார்களா என்று கேட்டார். அத்தை சொன்னது காதில் கேட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து எழுந்து ஓடினாளாமே. என் அக்கா யாரையும் பிடிக்க வரவில்லை. எனக்கு வந்ததுதான் அவளுக்கும் வந்திருக்கிறது, பாவி, தனியாகக் கிடந்து பயந்திருக்கிறாள். டாக்டர் முன்னாலேயே அழுதேன்.

பக்கத்தில் பாப்பா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். "எனக்கும் அப்பப்ப இப்பிடி வருதும்மா," என்றாள். "அப்புறம் பாத்ரூமுக்கு ஓடுவேன். பயம்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

நான் டாக்டர் எதிரில் இருந்த என் நாற்காலியை விட்டு எழுந்து, அவளைப் பிடித்து அதில் உட்கார வைத்தேன். என்னைப் பிறகு பார்க்கலாம், முதலில் இவளைப் பாருங்கள் என்றேன்.